நானூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்புகள்

ஜனவரி 11

அன்புள்ள குருவிக்கு,

அண்ணி எழுதுகிறேன். போன மாதம் இருமல் என்றாயே, விட்டதா? நூலகத்தில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, சளி போகவில்லை என்று சொல்லாதே. இங்கே அத்தைக்கு முழங்கால் வலி வழக்கம்போல. நாக்குக்கு ஒரு வலியும் இல்லை. உன் அண்ணனுக்கு வேலை அதிகம். மற்றபடி எல்லோரும் நலம்.

போன் இருக்கும்போது இவள் ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். எனக்கு வந்திருக்கும் வியாதியைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, காட்டத்தான் முடியும். அதனால் ஒன்பது பக்கம் அச்செடுத்து, சிவப்புப் பென்சிலால் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆய்வேட்டை ஜூலைக்குள் கொடுக்க வேண்டும். ஏழு வருஷம் இழுத்தாயிற்று, இனி பல்கலைக்கழகம் பொறுக்காது. பகலெல்லாம் கோர்ட்டில் மற்றவர்களுடைய தீர்ப்புகளை மொழிபெயர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் எழுத்தைப் பார்த்தால் அதுவும் யாரோ எழுதியதுபோல இருக்கிறது. எழுதியதுகூடப் பரவாயில்லை. மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் தானாகவே போட்டுத் தரும் என்று நீ ஒரு மென்பொருளை ஏற்றிக் கொடுத்தாயே, அதுதான் என்னைப் படுத்துகிறது.

முதல் பக்கத்தைப் பார். உயர் நீதிமன்றம் ‘நீதிமன்றம், உயர்’ என்று ஆகியிருக்கிறது. ‘மாண்புமிகு’ என்பதை நீதிபதியின் இனிஷியல் என்று எடுத்துக்கொண்டு ‘மா.’ என்று சுருக்கிவிட்டது. அத்தை பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு, “யாரு இந்த மா.? எல்லா கேஸ்லயும் இவரே தீர்ப்பு சொல்லியிருக்காரே, வேற ஆளே கிடைக்கலையா?” என்றார். தமிழ்க் கட்டுரைகளுக்கு நடுவே ‘மற்றும் பிறர்’ வர வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சுருக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மன் நூல்கள் ஆறுதான். ஆறும் ஆறு தினுசு.

அவசரமில்லை. முடிந்தபோது பார்.

அன்புடன்,
அண்ணி

ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது. உங்கள் ஒன்பது பக்கங்களை மேசையில் விரித்துச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எங்கள் தலைமை நூலகர் என்ன விஷயம் என்று கேட்டார். ‘மா.’வைக் காட்டினேன். அவர் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

உங்கள் மேல் ஒரு தப்பு, மென்பொருள் மேல் இரண்டு. தீர்ப்புகளை எல்லாம் ‘புத்தகம்’ என்ற வகையில் ஏற்றி, நீதிமன்றத்தை ஆசிரியராகப் போட்டிருக்கிறீர்கள். அது பாவம், உயர் நீதிமன்றத்தை ஒரு மனுஷன் என்று நம்பிப் பெயரை முன்பின் மாற்றுகிறது. ஒவ்வொன்றையும் திறந்து வகையை ‘வழக்கு’ என்று மாற்றுங்கள். வழக்குக்கு ஆசிரியர் கிடையாது. வாதி, பிரதிவாதி பெயர்தான் தலைப்பு. நீதிமன்றத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறது.

ஆட்களின் பெயருக்கு இரண்டு கட்டம் காட்டும். பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகும். தமிழ்ப் பெயர்களை இனிஷியலோடு அந்த ஒரே கட்டத்தில் போடுங்கள். முன்பின் மாற்றாது. ‘மொழி’ என்ற கட்டம் எல்லாவற்றிலும் காலி. அதை நிரப்புங்கள். ‘மற்றும் பிறர்’ சங்கதிக்குச் சின்னத் திருத்தம் ஒன்று எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள், தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்று. புத்தாண்டுக்குக்கூடப் பேசவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது அவருக்கு? அம்மாவின் முழங்காலுக்கு ஒரு உறை வாங்கி அனுப்பியிருக்கிறேன். போட மாட்டார். நீங்கள் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
குருவி

பிப்ரவரி 6

அன்புள்ள குருவிக்கு,

முழங்கால் உறை வந்தது. அத்தை அதைத் தன் மூக்குக் கண்ணாடிக்குப் பையாக வைத்திருக்கிறார். நீ நலம்தானே?

நூற்று அறுபத்தெட்டுத் தீர்ப்புகளையும் வகை மாற்றிவிட்டேன். பத்து நாள் ஆயிற்று. அத்தை மூலப் பிரதியைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பார், நான் திரையில் சரிபார்ப்பேன். தொகுதி, பக்கம், ஆண்டு. நடுவில் நிறுத்தி, “இந்தப் பொம்பளைக்கு வீடு குடுத்தாங்களா இல்லையா?” என்று கேட்பார். ஆய்வே அதைப் பற்றித்தானே, கல்யாணமாகி வந்த வீட்டில் ஒரு பெண் எந்த உரிமையில் இருக்கிறாள் என்று. கொடுத்தார்கள் என்றால் அடுத்ததைப் படிப்பார். கொடுக்கவில்லை என்றால் அந்த நீதிபதிக்கு அரைமணி நேரம் அர்ச்சனை. அப்படித்தான் பத்து நாள்.

இப்போது ஒரு புதுச் சிக்கல். என்னுடைய இரண்டு பழைய கட்டுரைகளை நானே மேற்கோள் காட்டியிருக்கிறேன். ஒன்று கல்யாணத்துக்கு முன்னால் வந்தது, அப்பாவின் எழுத்து இனிஷியலாக. மற்றது பிறகு வந்தது, உன் அண்ணனின் எழுத்தோடு. மென்பொருள் இதை இரண்டு பேர் என்று முடிவுகட்டிவிட்டது. பட்டியலில் அக்கா தங்கை மாதிரி அடுத்தடுத்து நிற்கிறார்கள். என்ன செய்யலாம்?

உன் அண்ணன் நலம். வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார்.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அம்மா பேனா பிடித்து நீதிபதிகளுக்கு மதிப்பெண் போட ஆரம்பிப்பதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் இரண்டு பேர் ஆனது பெரிய சிக்கல் இல்லை. ஒன்றை மற்றதோடு சேர்த்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை. எந்த இனிஷியலை வைத்துக்கொள்வது என்று மட்டும் சொல்லுங்கள். இப்போது நீங்கள் எழுதுவது அண்ணனுடைய எழுத்தில்தானே, அதையே வைத்துவிடவா?

அண்ணன் வெளியூர் என்றால் எந்த ஊர்? இந்தப் பக்கம் வந்தால் நூலகத்துக்கு ஒரு நடை வரச் சொல்லுங்கள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதா அவருக்கு?

பதிலை எதிர்பார்க்கும்,
குருவி

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போனில் அம்மாதான் பேசுகிறார். நீங்கள் குளிக்கிறீர்கள், கோர்ட்டுக்குப் போயிருக்கிறீர்கள், தூங்குகிறீர்கள் என்கிறார். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்றையும் சொன்னார்.

ஆய்வேடு எந்த அளவில் இருக்கிறது? இனிஷியல் விஷயத்தில் நான் ஏதோ அவசரப்பட்டுக் கேட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டாம். வேறு எது வேண்டுமானாலும் எழுதுங்கள். மென்பொருள் படுத்துகிறது என்று இரண்டு வரி எழுதினாலும் போதும்.

நீங்கள் நலமா? அம்மா நலமா?

குருவி

மே 2

அன்புள்ள குருவிக்கு,

மன்னித்துக்கொள். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நானும் அத்தையும் நலம். இனிஷியல் விஷயம் அப்படியே இருக்கட்டும்.

இந்தத் தடவை நான் எழுதுவது படுத்துகிறது என்று இல்லை, படுத்தேவிட்டது என்று. கோர்ட்டுக்கு எதிரே உள்ள டைப்பிங் கடையில் பக்க அமைப்பைச் சரிசெய்யக் கொடுத்தேன். அங்கே இருந்த அம்மாள் கோப்பை வேறொரு புரோகிராமில் திறந்து, நேர்த்தியாக ஓரம் வெட்டி, சேமித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்புகளுக்கும் மென்பொருளோடு இருந்த தொடர்பு அறுந்துபோயிருக்கிறது. எழுத்து இருக்கிறது, உயிர் இல்லை. ஒன்றைத் திருத்தினால் மற்றது மாறவில்லை. நூற்பட்டியல் காலி. நான் வைத்திருந்த பழைய பிரதி நவம்பரில் எடுத்தது. அதற்குப் பிறகு இரண்டு அத்தியாயம் எழுதியிருக்கிறேன்.

அந்த அம்மாள் மேல் குற்றமில்லை. அவர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்து நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அத்தையிடம், விட்டுவிடலாமா என்று கேட்டேன். அத்தை தீர்ப்புக் கட்டை எடுத்து மடியில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “ஒண்ணாம் நம்பர்ல இருந்து படிக்கவா?” என்றார்.

கோப்பை உனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். வழி இருந்தால் சொல். இல்லை என்றாலும் சொல்.

உன் கடிதத்தில் நான் நலமா என்று கேட்டிருந்தாய், அத்தை நலமா என்று கேட்டிருந்தாய். அதற்குமேல் கேட்கவில்லை. நான் கவனித்தேன்.

அன்புடன்,
அண்ணி

மே 21

அன்புள்ள அண்ணிக்கு,

கோப்பு சரியாகிவிட்டது. இன்று காலை அனுப்பிவிட்டேன். குறுக்கு வழி எதுவும் கிடைக்கவில்லை. அதனால் ஒரு வாரம் லீவு போட்டு, ஒவ்வொரு குறிப்பாக அழித்து, மென்பொருளில் உள்ள உங்கள் சேமிப்பிலிருந்து தேடி, மறுபடி செருகினேன். நானூற்றுப் பன்னிரண்டும் உயிரோடு இருக்கின்றன. முன்னூற்று ஆறாவது குறிப்பில் மட்டும் பக்க எண் தவறு என்று சந்தேகம். அம்மாவைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். இனிமேல் தினமும் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். டைப்பிங் கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் பிடிஎஃப் மட்டும் கொடுங்கள்.

அண்ணி, இந்த வேலையை நான் அன்பால் மட்டும் செய்யவில்லை. குற்ற உணர்ச்சியாலும் செய்தேன்.

மார்ச் மாதம் அண்ணன் நூலகத்துக்கு வந்தார். பத்திரிகைப் பகுதியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். போன அக்டோபரிலேயே மாற்றல் வாங்கிக்கொண்டு தனியாக வந்துவிட்டதாகவும், நீங்கள் இரண்டு பேரும் சம்மதித்து மனுப் போட்டிருப்பதாகவும் சொன்னார். சண்டை இல்லை, ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசி வருஷக்கணக்காயிற்று, அவ்வளவுதான் என்றார். வீடு கம்பெனிக் குடியிருப்பு, ஆகஸ்ட் கடைசியில் காலி செய்ய வேண்டும் என்றார். பிறகு, “அம்மாவை நீ கூட்டிக்கிறியா?” என்று கேட்டார்.

நான் சரி என்றேன். உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவையும் கேட்கவில்லை. அவர் போன மறுநாளே போய்த் தாழ்வான கட்டில் ஒன்று வாங்கினேன். ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். தினமும் அதைப் பார்க்கும்போது, எதையோ உங்களிடமிருந்து திருடி வைத்திருப்பதுபோல இருக்கிறது.

நீங்களாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இனிமேல் முடியவில்லை.

குருவி

ஜூன் 3

அன்புள்ள குருவிக்கு,

கோப்பு வந்தது. முன்னூற்று ஆறு தவறுதான். 117 என்பது 171. அத்தை கண்டுபிடித்தார். நீ செருகியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. நன்றி என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும்.

நீ எதையும் திருடவில்லை. மறைத்தது நான்.

உன் அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. அவர் கெட்டவர் இல்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம், யாருக்கு யார் பரிமாறியது என்றுகூட நினைவில்லாமல் வருஷங்கள் ஓடிவிட்டன. ஒருநாள் பெட்டி கட்டிக்கொண்டு, “நான் போறேன்” என்றார். “சரி” என்று நான் சொன்னது, அவரைவிட எனக்குத்தான் ஆச்சரியமாக இருந்தது. அழுகை ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது, அதுவும் கோர்ட்டில், யாருடைய தீர்ப்பையோ மொழிபெயர்க்கும்போது.

போனில் பேசினால் என் குரலை நீ கண்டுபிடித்துவிடுவாய். பதினைந்து வயதிலிருந்து என்னோடு வளர்ந்தவள். அதனால்தான் கடிதம். சிவப்புப் பென்சில் எல்லாம் சாக்கு.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று முதலில் சொன்னது அத்தை. “குருவிகிட்ட சொல்லாத. அவ அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து என்னைத் தூக்கிட்டுப் போயிடுவா” என்றார். நான் அந்த நிமிஷமே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அத்தை கேட்டுக்கொண்டார் என்பது பாதிதான். நீ அழைத்துக்கொண்டு போய்விட்டால் எனக்கு எதிரே உட்கார்ந்து தொகுதி, பக்கம், ஆண்டு என்று படிக்க ஆள் இல்லை. அது மீதிப் பாதி. பெற்ற மகள் நீ இருக்க, நான் எந்த முறையில் அவரை வைத்துக்கொள்வது? நூற்று அறுபத்தெட்டுத் தீர்ப்பு படித்திருக்கிறேன். மாமியார் யாரோடு இருக்கலாம் என்று மருமகள் கேட்ட வழக்கு ஒன்றுகூட இல்லை.

முடிவை அத்தையிடமே விடுவோம். கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அண்ணி என்றே போடுகிறேன்

ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

‘என்றே’ எதற்கு? வேறு என்ன போடுவீர்கள்?

முதலில் தொழில் விஷயம். உங்கள் இரண்டு கட்டுரைகளையும் ஒன்றாக்கலாம் என்று பிப்ரவரியில் நான் சொன்னது தவறு. எங்கள் வேலையில் பாலபாடம் அது, அதையே மறந்துவிட்டேன். ஒரு கட்டுரை எந்தப் பெயரில் அச்சானதோ அந்தப் பெயரில்தான் பட்டியலில் வர வேண்டும். பின்னால் என்ன நடந்தாலும் அச்சானதைத் திருத்தக்கூடாது. அப்போது அது சரிதான். அதனால் இரண்டு பேரும் அப்படியே அடுத்தடுத்து நிற்கட்டும். ஆய்வேட்டின் முகப்பில் எந்த எழுத்து என்பது மட்டும் உங்கள் இஷ்டம்.

அம்மாவுக்கு நேற்று போன் செய்து நேராகக் கேட்டேன். பத்து நிமிஷம் என் வீட்டின் மூன்றாவது மாடியைப் பற்றியே குறை சொன்னார். லிப்ட் இருக்கிறது அம்மா என்றேன். கடைசியில் குரலை இறக்கி, “உனக்கு வருத்தமா இருக்குமா?” என்று கேட்டார். இருக்கும் என்றேன். “இருக்கட்டும். ரெண்டு மாசம் உன்கிட்ட வந்து இருக்கேன். மீதி இவளோட. இவ காலையில சாப்பிடாம கோர்ட்டுக்குப் போறா, யார் பார்த்துப்பா?” என்றார்.

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். வருத்தம்தான். ஆனாலும் நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியதுபோலவும் இருந்தது. வீடு பாருங்கள். அம்மாவுக்காகத் தரைத்தளமாகப் பாருங்கள். மாறும்போது நான் வருகிறேன்.

அன்புடன்,
குருவி

ஆகஸ்ட் 10

அன்புள்ள குருவிக்கு,

நீ நலமா? நாங்கள் நலம்.

ஜூலை 29ஆம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். முகப்பில் பட்டச் சான்றிதழில் உள்ளபடி அப்பாவின் எழுத்தே இருக்கிறது. அலுவலகத்து எழுத்தர் நூற்பட்டியலைப் புரட்டிவிட்டு, இவ்வளவு சுத்தமாக யார் போட்டார்கள் என்று கேட்டார். வெளியூரில் ஒரு நூலகர் என்றேன். அன்று மாலை கோர்ட்டிலிருந்து எங்கள் தீர்ப்பும் வந்தது. ஒரு பக்கம்தான். வழக்கம்போல மொழிநடையில் ஒரு பிழை. திருத்தக் கை வந்தது, விட்டுவிட்டேன். உன் அண்ணன் அதன் பிறகு வந்து அத்தையோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். போகும்போது என்னிடம் ஆய்வேடு முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். சந்தோஷம் என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

வீடு கிடைத்துவிட்டது. கோர்ட்டுக்குப் பின்தெருவில், தரைத்தளம். இரண்டு அறை, ஒரு நீள சமையலறை. பின்ஜன்னலைத் திறந்தால் ஒரு அச்சகத்தின் சுவர். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சர்வேயர். எல்லாவற்றையும் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்கிறவர். எங்களை உட்காரவைத்து, யார் யார் இருப்பீர்கள் என்று கேட்டார். இதற்கு முன்னால் இரண்டு வீட்டில் உண்மையைச் சொல்லி, யோசித்துச் சொல்கிறோம் என்ற பதிலோடு திரும்பியிருந்தேன். அதனால் இந்த முறை, “நானும் எங்க அம்மாவும்தான் சார். தங்கச்சி அப்பப்போ வந்து போவா” என்றேன்.

அத்தை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“அம்மா இல்லைங்க. மாமியார். தங்கச்சின்னு சொல்றாளே, அது என் பொண்ணு. இவளுக்கு நாத்தனார்.”

சர்வேயரின் பேனா நின்றது. “அப்போ உங்க பையன்?”

“அவனும் இவளும் பிரிஞ்சாச்சு. கோர்ட்ல எழுதிக் குடுத்துட்டாங்க. என்னைப் பார்க்க எப்பவாவது வருவான். வாசல்ல நாற்காலி போட்டா போதும்.”

அவர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். “அப்புறம் நீங்க இவங்களோட எப்படிம்மா...”

“இருபத்திரண்டு வருஷமா எப்படி இருந்தேனோ அப்படித்தான்.”

என்னால் தரையைத் தவிர வேறு எங்கேயும் பார்க்க முடியவில்லை. இதுவும் போயிற்று என்று கைப்பையை எடுத்தேன். சர்வேயர் நோட்டில் எழுதியதை ஸ்கேல் வைத்து நேராக அடித்தார். அதற்குக் கீழே மெதுவாக ஏதோ எழுதினார். பிறகு அத்தையிடம், “தண்ணி காலையில அஞ்சரைக்கு வரும். ஏழுக்கு நின்னுடும். பிடிச்சு வெச்சுக்கோங்க” என்றார்.

தெருவுக்கு வந்ததும், ஏன் அத்தை அப்படிச் சொன்னீர்கள், வீடு போயிருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே, “நாம போடுற சண்டை நாளைக்கு அவர் காதுல விழும். அம்மா பொண்ணுன்னா பயந்துடுவார். மாமியார் மருமகள்னா அவருக்கே புரியும்” என்றார். நடுத்தெருவில் நின்று சிரித்தேன். அக்டோபருக்குப் பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான்.

28ஆம் தேதி சாமான் ஏற்றுகிறோம். இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. புது வீட்டில் குறை கண்டுபிடிக்க ஒரு நாத்தனார் வேண்டும்.

வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்காதே. அத்தை உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்கிறார். பக்கத்திலேயே இருந்துகொண்டு, எழுதிவிட்டேனா என்றும் பார்க்கிறார்.

உன்,
அண்ணி